இசிஜி நார்மல் என்கிறார்கள், அப்புறம் ஏன் நெஞ்சு படபடக்கிறது?

டெஸ்ட் எல்லாம் சரியாக இருந்தும், பஸ்ஸில் திடீரென நெஞ்சு படபடத்து, செத்துவிடுவோமோ என்று பயம் வருவதாகக் கேட்டிருக்கிறீர்கள். இது பெரும்பாலும் பேனிக் அட்டாக், அதாவது திடீரென வந்து தாக்கும் கடும் பயம். வீட்டில் யாராவது 'சும்மா பிரமை' என்றால் நம்பாதீர்கள், படபடப்பு நிஜம். ஆபத்தே இல்லாத நேரத்தில் உடம்பு அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரந்துவிடுகிறது. மூச்சு வேகமாகி, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் நுனி மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். பொதுவாக 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானே இறங்கிவிடும். அதுவரை மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள்.

பயந்து பஸ்ஸையே விட்டுவிடாதீர்கள். ஒதுங்க ஒதுங்க பயம்தான் வளரும். அடிக்கடி வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சிபிடி என்ற பேச்சு சிகிச்சை நன்றாகவே கைகொடுக்கும். இந்தியாவில் இருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.