பிள்ளைகளுக்கு நியாயம் எப்போது புரிகிறது? – கேள்வி பதில்

நான் வளர்ச்சி உளவியல் கற்பிக்கும் ஆசிரியை. பிள்ளைகளிடம் மனச்சாட்சி எப்படி உருவாகிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கே: மேடம், என் மகனுக்கு நாலு வயசு. சுவரெல்லாம் கிறுக்கிவிட்டு "நான் இல்ல, பாப்பாதான்" என்கிறான். பாப்பாவுக்கு இன்னும் நடக்கவே தெரியாது. இப்பவே பொய் சொல்கிறவன் பின்னாடி என்ன ஆவானோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு தாய், மதுரை)

ப: பயப்படாதீங்கம்மா. மூன்று, நான்கு வயதில் பொய் தலைகாட்டுவது இயல்பான வளர்ச்சி. தனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று புரிந்த பிள்ளைக்குத்தான் பொய் சொல்லவே வரும்.

கையில் கிரேயானோடு நிற்பவனிடம் "யார் கிறுக்கினது?" என்று கேட்காதீர்கள். பதில் உங்களுக்கே தெரியும். அந்தக் கேள்வி அவனைப் பொய்க்குள் தள்ளிவிடுகிறது. "சுவத்துல கிறுக்கிட்டியே, வா, சேர்ந்து துடைப்போம்" என்றால் போதும். உளவியலாளர்கள் விக்டோரியா தல்வாரும் காங் லீயும் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டு 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்றில் கடுமையான அடி உண்டு, மற்றதில் இல்லை. அடி விழும் பள்ளியின் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள்தான் அதிகம் பொய் சொன்னார்கள், அதுவும் மாட்டிக்கொள்ளாமல் சாமர்த்தியமாக.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் "புலி வருது" கதையைச் சொல்லிப் பயமுறுத்துகிறோம். அதன் ஆங்கில வடிவமான ஓநாய்க் கதையை 2014-ல் சோதித்தார்கள். அதைக் கேட்ட பிள்ளைகளிடம் உண்மை கூடவில்லை. உண்மையைச் சொன்ன சிறுவனை அவன் அப்பா பாராட்டும் கதை ஒன்றைக் கேட்ட பிறகுதான் கூடியது.

கே: பி.எட். படிக்கிறேன். பிள்ளைகளின் அறவுணர்வு பற்றி உளவியலாளர்கள் பியாஜே, கோல்பர்க் சொன்னதெல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தாயிற்று. இன்றைக்கும் அவை செல்லுமா?

ப: பாதி செல்லும் தம்பி. எந்தப் பாதி என்பதுதான் முக்கியம்.

பியாஜே பிள்ளைகளிடம் சொன்ன கதை நினைவிருக்கும். ஒருவன் கதவைத் திறக்கும்போது தெரியாமல் பதினைந்து கோப்பைகளை உடைத்துவிடுகிறான். இன்னொருவன் ஜாம் திருடப் போய் ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தப்பு? சின்னப் பிள்ளைகள் பதினைந்தை உடைத்தவனைக் காட்டினார்கள். வளர்ந்த பிள்ளைகள் எண்ணத்தைப் பார்த்தார்கள். இதன் வயதுக் கணக்கு இன்று நிற்கவில்லை. எண்ணத்தைத் தெளிவாக விளக்கிக் கதை சொன்னால் மூன்று வயதுப் பிள்ளையும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

ஆனால் 1932-ல் வந்த அவருடைய நூலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி கோலிக்குண்டு ஆட்டம்தான். சுவிட்சர்லாந்துச் சிறுவர்களோடு உட்கார்ந்து, "இந்த விதியை மாற்றலாமா?" என்று கேட்டார். சின்னப் பிள்ளைகளோ, பெரியவர்கள் வகுத்த விதியை மாற்றவே கூடாது என்றார்கள். பத்து, பதினொரு வயதுக்காரர்கள், எல்லோரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். அப்பா அம்மா கட்டளையிடுவதைவிட, சமவயதுப் பிள்ளைகளோடு சண்டை போட்டு, பேசி, ஒத்துப்போகும்போதுதான் நியாயம் உள்ளே இறங்குகிறது என்றார் பியாஜே. தெருவில் விளையாட விடாமல் பிள்ளைகளை டியூஷனுக்கும் செல்போனுக்கும் கொடுத்துவிட்ட நாம் இதைப் படித்தே ஆக வேண்டும்.

கோல்பர்க் 1958-ல் சிகாகோவில் 10, 13, 16 வயதுள்ள 72 பையன்களிடம் கேட்டார்: மரணப் படுக்கையில் இருக்கும் மனைவிக்காக, ஹைன்ஸ் என்பவர் தன்னால் வாங்க முடியாத விலையுள்ள மருந்தைத் திருடலாமா? ஆம், இல்லை என்பது அவருக்கு முக்கியமில்லை. சொல்லும் காரணத்தை வைத்தே ஆறு நிலைகளை வகுத்தார். அத்தனை பேரும் பையன்கள்தானே என்று உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982-ல் எழுப்பிய கேள்வி நியாயமானது. அறத்தைப் பார்ப்பதில் ஆணும் பெண்ணும் வெகுவாக வேறுபடுகிறார்கள் என்பதற்குப் பின்னால் வந்த ஆய்வுகள் வலுவான ஆதரவு தரவில்லை. ஆனாலும் அக்கறையும் அறத்தின் வேர்தான் என்று அவர் சொன்னதை யாரும் ஒதுக்க முடியவில்லை.

கே: நல்லது கெட்டது பிறவியிலேயே வருகிறதா?

ப: யேல் பல்கலைக்கழகத்தில் ஹாம்லின், வின், புளூம் மூவரும் 2007-ல், ஆறு மாதக் குழந்தைகள்கூட, இன்னொரு பொம்மை மேடேற உதவிய பொம்மையை விரும்பி எடுத்தன, தடுத்ததை அல்ல என்று காட்டினார்கள். உலகமே பேசியது. ஆனால் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் திரும்பச் செய்த சோதனை 2024-ல் வெளியானபோது, பாதிக்குப் பாதிதான் உதவிய பொம்மையை எடுத்திருந்தன. எனவே "பிறவியிலேயே அறம்" என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. ஒன்றரை வயதில் உதவும் மனம் இருப்பது மட்டும் உறுதி. பெரியவர் கைதவறவிட்ட துணி கிளிப்பை, யாரும் கேட்காமலே பிள்ளைகள் எடுத்துக் கொடுத்ததை வார்னெகனும் டொமசெல்லோவும் 2006-ல் பதிவுசெய்தார்கள்.

கே: அப்படி உதவினால் சாக்லேட் கொடுக்கலாமா?

ப: வேண்டாம். அதே இருவரின் 2008 ஆய்வில், உதவியதற்குப் பரிசு பெற்ற பிள்ளைகள் பரிசு நின்றதும் குறைவாகவே உதவினார்கள்.

கே: அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். நானும் அடி வாங்கித்தான் ஒழுங்காக வளர்ந்தேன். (ஒரு தகப்பன், சேலம்)

ப: நீங்கள் ஒழுங்காக வளர்ந்ததற்கு அடிதான் காரணம் என்று எப்படித் தெரியும் சார்? உங்களிடம் பரிவாகப் பேசியவர்களும் அந்த வீட்டில் இருந்திருப்பார்கள். அடிக்கும்போது பிள்ளையின் கவனம் தன் வலிக்குப் போய்விடுகிறது. தள்ளிவிடப்பட்ட தங்கையின் வலி மறந்துபோகிறது. "பார், அவளுக்கு முழங்கால் சிராய்ச்சிடுச்சு, எப்படி அழறா" என்று காட்டினால் கவனம் அவளிடம் போகிறது. உளவியலாளர் மார்ட்டின் ஹாஃப்மன் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தது இதைத்தான். கண்டிப்பு வேண்டும், குரலில் உறுதியும் வேண்டும். கூடவே காரணமும் வேண்டும்.

கே: ஊருக்கு ஊர் அறம் மாறும்தானே?

ப: ஓரளவு மாறும். ஆய்வாளர் ரிச்சர்ட் ஷ்வேடர் குழுவினர் புவனேஸ்வரிலும் சிகாகோவிலும் நடத்தி 1987-ல் வெளியிட்ட ஆய்வில், அப்பா இறந்த மறுநாளே மூத்த மகன் முடிவெட்டிக் கோழிக்கறி சாப்பிடுவதைப் புவனேஸ்வர்க்காரர்கள் மிகக் கொடிய தவறுகளில் ஒன்றாகச் சொன்னார்கள். சிகாகோக்காரர்களுக்கு அது தவறாகவே படவில்லை. ஆனால் காரணமில்லாமல் ஒருவரைத் துன்புறுத்துவது தவறு என்பதில் இரண்டு ஊரும் ஒத்துப்போயின.

கே: என் வகுப்பில் நீதிக்கதைப் பாடத்தில் முதல் மதிப்பெண் எடுக்கும் மாணவியே பரீட்சையில் பிட் அடித்தாள். மனம் உடைந்துபோயிற்று. (ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்)

ப: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அவளைத் திருடி என்று முத்திரை குத்திவிடாதீர்கள். ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு ஆய்வாளர்கள் 1920-களில் அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தபோது, ஓரிடத்தில் ஏமாற்றிய அதே பிள்ளை இன்னோரிடத்தில் நேர்மையாக இருந்தது. விதி தெரிந்திருப்பதற்கும் நடப்பதற்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, எந்த மதிப்பெண்ணுக்குப் பயந்தாள், வீட்டில் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்று கேளுங்கள். பிறகு அந்தத் தேர்வை மறுபடி எழுதச் சொல்லுங்கள்.