பெற்றோருடன் பாசடீனா ரோஸ் பரேட் பார்க்கப் போகிறோம். முந்தின இரவே தெருவில் இடம் பிடிக்க வேண்டுமா? அன்றே ரோஸ் பவுல் ஆட்டமும் பார்க்க முடியுமா?

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து பாசடீனாவில் புத்தாண்டுக் காலையில் போகும் பூ ஊர்திகளின் ஊர்வலம்தான் ரோஸ் பரேட்; அன்று பிற்பகல் நடக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ரோஸ் பவுல். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியும். ஆனால் ஊர்வலத்துக்கு எங்கே உட்காருவது என்பதை ஆட்டத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வயதானவர்களோடு போகிறவர்கள் தெருவில் இரவு தங்கத் தேவையே இல்லை.

விமான டிக்கெட் எடுக்கும் முன் தேதியைப் பாருங்கள். ஜனவரி 1 ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் ஊர்வலம், ஆட்டம் இரண்டும் 2ஆம் தேதிக்குத் தள்ளிப்போகும். சர்ச் வாசல்களில் கட்டியிருக்கும் குதிரைகள் மிரளும் என்று 1893இல் போட்ட விதி. வாசலில் குதிரை கட்டும் காலம் போயே போய்விட்டது, விதி மட்டும் அப்படியே இருக்கிறது. 2023இல் இப்படி மாறியது. அடுத்து 2034இல் மாறும்.

ஊர்வலம் காலை 8 மணிக்கு கிரீன் தெருவும் ஆரஞ்சு குரோவ் பூலவார்டும் சந்திக்கும் முனையில் புறப்படும். உடனே கொலராடோ பூலவார்டில் கிழக்கே திரும்பி நெடுந்தூரம் நேராகப் போய், சியரா மாட்ரே பூலவார்டில் வடக்கே ஏறி, வில்லா தெருவில் முடியும். மொத்தம் 5.5 மைல், வேகம் மணிக்கு 2.5 மைல். ஆகவே தலைப்பகுதி கடைசி முனைக்கு வரவே 10 மணி தாண்டிவிடும். ஓர் இடத்தை முழு ஊர்வலமும் கடக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். மேற்கு முனையில் இருப்பவர் 10 மணிவாக்கில் எழுந்து நடக்கலாம்; கிழக்கு முனையில் இருப்பவருக்குப் பன்னிரண்டு மணி ஆகிவிடும். வழியில் ஏதாவது ஊர்தி நின்றுபோனால் அந்தத் தாமதமும் கிழக்கில் காத்திருப்பவர் தலையில்தான் விடியும். மைதானமோ நகரின் மேற்குப் பக்கம், அரோயோ செக்கோ பள்ளத்தில் இருக்கிறது. அதனால் ஆட்டத்துக்கு டிக்கெட் வைத்திருப்பவர்கள் பாதையின் மேற்கில் இருக்கும் ஓல்ட் பாசடீனா பக்கம் உட்காருங்கள், லேக் அவென்யூவுக்குக் கிழக்கே போகாதீர்கள். ஆட்டம் வேண்டாம், காலையில் நிதானமாகக் கிளம்பினால் போதும் என்பவர்களுக்குக் கிழக்குப் பக்கமே வசதி.

தெருவில் இடம் பிடிப்பது டிசம்பர் 31 நண்பகலில் தொடங்கும். அப்போது நடைபாதையில் மட்டும்தான் உட்காரலாம். இரவு 10 மணிக்குச் சாலையை அடைப்பார்கள். 11 மணிக்குச் சாலையில் வரைந்த நீலக் கோடு வரை நகர்ந்துகொள்ளலாம். கூடாரம், சோபா, கயிறு கட்டி இடம் வளைப்பது எதற்கும் அனுமதி கிடையாது. போகிற வண்டிகள் மேல் மார்ஷ்மெல்லோ மிட்டாயும் டார்ட்டியா ரொட்டியும் வீசக்கூடாது என்றுகூட விதி இருக்கிறது. யாரும் செய்யாத ஒன்றுக்கு விதி எழுத மாட்டார்கள், ஆகவே அந்த இரவு எப்படிப் போகும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். விடியற்காலைக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். அப்பா அம்மாவுக்குக் காசு கொடுத்து, படிக்கட்டு மாதிரி அடுக்கிய இருக்கையில் இடம் எடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். எடுக்கும்போது பக்கம் பாருங்கள். கொலராடோவின் தெற்குப் பக்கம் இருந்தால் வெயில் முதுகுக்குப் பின்னால் விழும், படம் நன்றாக வரும். ஆனால் கட்டட நிழலில் குளிர் போகாது, கம்பளி அவசியம். வடக்குப் பக்கம் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், உடம்புக்குக் கதகதப்பாக இருக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு வடக்குப் பக்கம், காமிரா வைத்திருப்பவருக்குத் தெற்கு.

காரை மறந்துவிடுங்கள். மெட்ரோ ஏ லைன் ரயிலில் மெமோரியல் பார்க், டெல் மார், லேக், ஆலன் ஆகிய நிலையங்களிலிருந்து ஊர்வலப் பாதைக்கு நடந்தே போகலாம்.

இத்தனை சிரமமும் அந்த ஊர்திகளுக்காகத்தான். தெருவில் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும், அதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்க்க முடியாது. வெளியே தெரியும் ஒவ்வோர் அங்குலமும் பூ, இலை, விதை, பட்டை என்று இயற்கைப் பொருளால் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. அடியில் வண்டிச் சட்டம். அதன் மேல் மெல்லிய இரும்புக் கம்பியை வளைத்துப் பற்றவைத்த எலும்புக்கூடு. அதைச் சுற்றிக் கம்பி வலை. வலை மேல் பிளாஸ்டிக் கலவையைத் தெளித்து ஓடு மாதிரி ஆக்கி, எந்த இடத்தில் என்ன நிறப் பூ வருமோ அதே நிறத்தில் பெயிண்ட் அடிப்பார்கள். இந்தப் பெயிண்ட் வெறும் வழிகாட்டி அல்ல. ஒட்டியதில் இதழ் நான்கு உதிர்ந்தாலும் அடியில் அதே நிறம் இருப்பதால் ஓட்டை தெரியாது.

வாடாத பொருட்களை டிசம்பர் தொடக்கத்திலேயே ஒட்ட ஆரம்பிப்பார்கள். கறுப்புக்கு வெங்காய விதை, வெள்ளைக்குத் தேங்காய்த் துருவலும் அரிசியும், காவிக்கு மைசூர்ப் பருப்பு, பழுப்புக்குப் பட்டைத்தூள், காப்பித்தூள், வால்நட் ஓட்டுத்தூள். கிட்டே போனால் அஞ்சறைப்பெட்டி திறந்த வாசனை வரும். கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் பூ. செவ்வந்தி இதழ்களைப் பிய்த்து ஒட்டுவது கடைசி நாட்களில்தான், இல்லாவிட்டால் ஓரம் கருகிவிடும். ரோஜாவுக்கு இன்னும் கவனம் வேண்டும். ஒவ்வொரு பூவும் தண்ணீர் நிரப்பிய தனிக் குப்பியில் காம்பு செருகி நிற்கிறது. குப்பி வறண்டால் காலைக்குள் தலை தொங்கிவிடும். மழை வந்தால் பூ தாங்கும். நொறுக்கிய பொடிகளும் விதைகளும்தான் கரைந்து வழியும். 1955க்குப் பிறகு 2006இலும் 2026இலும்தான் ஊர்வலம் மழையில் நனைந்தது.

ஓட்டுநர் பூக்களுக்குள் ஒளிந்து உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் அவர் கண்ணுக்குச் சாலை தெரியாது, வழி பார்த்துச் சொல்ல இன்னொருவர் உள்ளே இருப்பார். எஞ்சின் காற்றோட்டமில்லாத கூண்டில் மணிக்கணக்காக நடைவேகத்தில் ஓடுவதால் சூடேறும். கொலராடோவில் திரும்பும் முனை 110 டிகிரி, நீளமான ஊர்திகளுக்கும் பெரிய இசைக்குழுக்களுக்கும் அங்கேதான் சோதனை. கிழக்கே நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் போக வேண்டியிருப்பதால் உயரமான உருவங்கள் மடங்கித் தாழும்படி செய்திருப்பார்கள். கால் பாலி பல்கலைக்கழக மாணவர்கள் 1949 முதல் இதையெல்லாம் தாங்களே செய்கிறார்கள். சான் லூயிஸ் ஒபிஸ்போ வளாகத்தில் பாதி, பொமோனா வளாகத்தில் பாதி கட்டி, பிறகு சேர்ப்பார்கள். விலைக்குச் செய்யும் கம்பெனி ஊர்திகளைவிட இவர்களுடையதில்தான் அசைவுகளைக் கூர்ந்து பார்க்கச் சொல்வேன்.

கிட்டே பார்க்க வழி இருக்கிறது. ஊர்வலம் முடிந்ததும் எல்லா ஊர்திகளையும் சியரா மாட்ரே, வாஷிங்டன் பூலவார்டுகள் பக்கம் நிறுத்திவைப்பார்கள். அதற்குத் தனி டிக்கெட். ஆட்டத்துக்குப் போகாதவர்கள் அன்றே போகலாம். மற்றவர்கள் மறுநாள் காலை போங்கள். உங்கள் பெற்றோரால் ஒன்றுக்குத்தான் முடியும் என்றால், தெருவை விட்டுவிட்டு, காலையில் ஊர்வலத்தை டிவியில் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள்.

இனி ஆட்டம். நம் ஊர்க் கால்பந்து என்று நினைத்துவிடாதீர்கள், இது கையில் பந்தை ஏந்தி மோதும் அமெரிக்கக் கல்லூரி ஆட்டம். 1890இல் தொடங்கிய ஊர்வலத்துக்கு 1902இல் காசு சேர்க்கத்தான் இதைச் சேர்த்தார்கள். மிச்சிகன் 49–0 என்று ஸ்டான்ஃபோர்டை நசுக்கவே, அதைக் கைவிட்டு ரதப் போட்டி நடத்தினார்கள். 1916இல் ஆட்டம் திரும்பி வந்தது. இன்றைய ரோஸ் பவுல் மைதானம் 1922இல் திறந்தது. இப்போது இது தேசியக் கோப்பைச் சுற்றின் ஒரு கட்டம் என்பதால் எந்த அணிகள் என்று டிசம்பரில்தான் தெரியும், டிக்கெட் விலையும் அதைப் பொறுத்தே ஏறும். பல ஆண்டுகள் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கியதை 2026இல் ஒரு மணி நேரம் முன்தள்ளி 1 மணிக்கு மாற்றினார்கள்; நீங்கள் போகும் ஆண்டின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே கண்ணாடி மாதிரித் தெரியும் சிறிய பைக்குத்தான் அனுமதி, ஊர்வலத்துக்குத் தூக்கி வந்த கம்பளி மூட்டையை வாசலில் திருப்பிவிடுவார்கள். ஓல்ட் பாசடீனாவிலிருந்து நடந்தால் சுமார் இரண்டு மைல், போகும்போது இறக்கம். திரும்பி வரும்போது இருட்டில் அதே தூரம் ஏற்றம், அதனால் பெற்றோரோடு வருகிறவர்கள் ஷட்டில் பேருந்து வரிசையில் நிற்பதே மேல்.