ஹார்மோன் ஊசி போட்டும் பசு பருவத்துக்கு வராதது ஏன்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறோம். கலப்பின ஜெர்சிப் பசு, கன்று போட்டு நாலு மாதம் ஆகிறது. இரண்டு தடவை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்கவில்லை. காலையில் கத்தினால் மறுநாள் காலையில்தான் ஊசி போட ஆள் கிடைக்கிறது. பிறகு பருவமே தெரியாததால், பருவத்தை வரவைக்கும் ஹார்மோன் ஊசியான குளோப்ரோஸ்டினால் 2 மில்லி போட்டோம். மறுநாள் வாலில் ரத்தம் ஒட்டியிருந்தது, பருவம் வரவில்லை. மருந்து சரியில்லையா?

பதில்: மருந்தைக் குறை சொல்ல வேண்டாம். போட்ட நாள்தான் தவறு. அந்த ரத்தமே அதைக் காட்டிக்கொடுக்கிறது.

சினைப்பையில் முட்டையோடு வளரும் கொப்புளம் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். மாடு கத்துவதும், கண்ணாடி போலக் கோழை ஒழுகுவதும், இன்னொரு மாடு மேலே ஏறினால் நகராமல் நிற்பதும் அதனால்தான். பருவம் முடிந்து ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது கருப்பை உட்சுவரின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசியும். ஆகவே ரத்தம் கண்டால், ஏறக்குறைய இரண்டு நாள் முன்பே பருவம் வந்து போய்விட்டது என்று பொருள். சினை பிடித்ததற்கோ பிடிக்காததற்கோ அது அடையாளம் அல்ல. வெயில் காலத்தில் பருவம் குறுகிவிடும், பெரும்பாலும் இரவில்தான் தெரியும். உங்கள் கண்ணில் படாமல் போனது அப்படித்தான் இருக்கும்.

முட்டை வெளியேறிய இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் திரள் உருவாகி, புரோஜெஸ்டிரோனைச் சுரந்து அடுத்த பருவத்தைத் தடுத்து வைக்கும். கரு தங்கவில்லை என்றால் 16, 17-ஆம் நாள் வாக்கில் கருப்பையே புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து அந்தத் திரளைக் கரைக்கும். தடை விலகி 21-ஆம் நாளை ஒட்டி மறுபடி பருவம் வரும். நீங்கள் போட்ட ஊசியும் புரோஸ்டாகிளாண்டின் வகைதான். ஆனால் பருவம் முடிந்த முதல் 5 நாளில் திரள் இளசு, மருந்துக்குக் கரையாது. உங்கள் ஊசி விழுந்தது அந்த நாட்களில். 6 முதல் 16-ஆம் நாளுக்குள் போட்டிருந்தால் 2 முதல் 5 நாளில் பருவம் வந்திருக்கும்.

இனி ரத்தம் கண்ட தேதியைக் காலண்டரில் குறித்து, 16 முதல் 22-ஆம் நாள் வரை விடியற்காலையும் இரவு ஒன்பது மணிக்கு மேலும் அரை மணி நேரம் மாட்டைக் கவனியுங்கள்.

முந்தைய இரண்டு சினை ஊசிக்கும் சினை நிற்காததற்கு நேரம்தான் காரணம் என்று தோன்றுகிறது. பருவம் தொடங்கி 28 மணி நேரம் வாக்கில் முட்டை வெளியேறும், அதன் பிறகு சில மணி நேரமே உயிரோடு இருக்கும். காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை போட வேண்டும். உங்களுடையது ஒரு நாள் தள்ளிப் போயிருக்கிறது. கோழையில் சீழ் கலந்திருந்தால் சினை ஊசி வேண்டாம், முதலில் கருப்பைக்கு வைத்தியம் பாருங்கள்.

சினை இல்லை என்று மருத்துவர் கையை உள்ளே விட்டுச் சோதிக்காமல் குளோப்ரோஸ்டினாலைப் போடவே கூடாது, சினை மாடாக இருந்தால் கலைந்துவிடும். இம்மருந்து தோல் வழியாகவும் உடலில் ஏறும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் மருந்துக் குப்பியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.