ஒரு பை உப்பு கொட்டியும் ஐஸ் உருகவில்லையே, ஏன்?

கேள்வி: போன வாரம் இங்கே மைனஸ் 18 டிகிரி. வீட்டு வாசலிலும் ட்ரைவ்வேயிலும் ஐஸ் இறுகிக் கிடந்ததால் 10 கிலோ உப்புப் பையை அப்படியே கொட்டினேன். ஒன்றும் ஆகவில்லை, உப்புக் கல் கல்லாக மேலேயே கிடந்தது. உப்பு சரியில்லையா, இன்னொரு பை போட்டிருக்க வேண்டுமா? அப்பாவுக்கு 74 வயது, வழுக்கி விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.
(ஒரு வாசகி, ஸ்காபரோ, கனடா)

பதில்: உப்பில் குறை இல்லை அம்மா, அந்தக் குளிருக்கு அது சரிப்படாது, அவ்வளவுதான். இன்னொரு பை கொட்டியிருந்தாலும் இதே கதைதான்.

உப்பு ஐஸைச் சூடாக்கி உருக்குவதில்லை. ஐஸின் மேல் இருக்கும் மெல்லிய ஈரத்தில் கரைந்து உப்புநீராகிறது, உப்புநீர் பூஜ்ஜியத்தில் உறையாது என்பதால் பக்கத்து ஐஸும் கொஞ்சம் கொஞ்சமாக இளகி அதில் சேருகிறது. 23 சதவீத உப்புநீர் மைனஸ் 21 வரை உறையாதுதான், ஆனால் அது கணக்கு. தெருவில் மைனஸ் 10-க்குக் கீழே போனாலே ஈரம் கிடைக்காமல் வேலை மிகவும் மந்தமாகிவிடும். அந்த மாதிரி நாளில் கால்சியம் குளோரைடு கேட்டு வாங்குங்கள். காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொண்டு, கரையும்போது சூட்டையும் விடும், மைனஸ் 25-லும் உருக்கும். விலை கூடுதல்தான், கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம்.

ஆனால் சாதா உப்பைப் போல அதிலும் இருப்பது குளோரைடுதான், என் கவலையே அங்கேதான். நீங்கள் கொட்டிய 10 கிலோ எங்கே போகும்? ஐஸ் இளகும் நாளில் தெரு ஓரச் சாக்கடை வழியாக ஹைலண்ட் கிரீக் மாதிரி ஓர் ஓடைக்கு, அங்கிருந்து நாம் குடிக்கும் ஒன்டாரியோ ஏரிக்கு. குளோரைடு மக்காது, ஆவியாகாது. நீர்வாழ் உயிர்கள் நீண்ட நாள் தாங்கக்கூடியது என்று கனடா வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 120 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி உப்பு 25 லிட்டர் நல்ல தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுபோய்விடும், ஒரு பைக்கு நீங்களே பெருக்கிப் பாருங்கள். சாலை உப்பு சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று மத்திய அரசின் ஆய்வே 2001-இல் சொல்லிவிட்டது. இரும்பையும் அது விடுவதில்லை. 2012-இல் ஒன்டாரியோவின் எலியட் லேக் என்ற ஊரில் ஒரு கடைத்தொகுதியின் கூரை இடிந்து இரண்டு பெண்கள் இறந்தார்களே, மேலே இருந்த கார் நிறுத்துமிடத்திலிருந்து பல வருடங்களாகக் கசிந்த உப்புத் தண்ணீர் உள்ளே இருந்த இரும்பைத் துருப்பிடிக்க வைத்ததுதான் காரணம்.

அதற்காக உப்பே போடாதீர்கள் என்று சொல்லமாட்டேன், உப்பில்லாத நெடுஞ்சாலையில் ஜனவரி மாதம் கார் ஓட்டச் சொன்னால் நான் ஓட்டமாட்டேன். முதலில் ஷவலால் வழித்துவிடுங்கள், பனி கொட்டிய கையோடு, அதன் மேல் கார் ஏறி அழுத்துவதற்குள். அப்புறம் மிஞ்சும் மெல்லிய படலத்துக்கு மட்டும் உப்பு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டு. 6 மீட்டர் ட்ரைவ்வேக்கு ஒரு பெரிய காபிக் கோப்பை அளவு போதும், நம்பமாட்டீர்கள், போட்டுப் பாருங்கள். பனிக்கு முந்தின நாள் சாலையில் வெள்ளைக் கோடு கோடாகத் தெரியுமே, அது நகராட்சி முன்கூட்டியே தெளித்த உப்புநீர். ஐஸ் தரையோடு ஒட்டும் முன்பே தடுத்துவிட்டால் குறைந்த உப்பில் வேலை முடிகிறது.

அப்பா நடக்கும் படியிலும் நடைபாதையிலும் மணல் தூவுங்கள். மணல் எதையும் உருக்காது, ஆனால் எந்தக் குளிரிலும் காலுக்குப் பிடிப்புத் தரும். சப்பாத்துக்கு அடியில் மாட்டும் முள் வைத்த ரப்பர் பட்டை ஒரு ஜோடியும் வாங்கிக் கொடுங்கள், வீட்டுக்குள் வரும்போது மறக்காமல் கழற்றச் சொல்லுங்கள், டைல்ஸ் தரையில் அதுவே வழுக்கும். இப்போது வாசலில் கிடக்கும் உப்பு வீணில்லை. தரை காய்ந்த ஒரு நாளில் கூட்டி வாளியில் அள்ளி வையுங்கள், மைனஸ் 5 வரும் அன்று அதையே போடலாம்.