வாசகர் கேள்விகள்: கின்ஸ்பெர்க் படத்தில் எந்தக் குரல்?

கேள்வி: கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் பற்றி அரை மணி நேர ஆவணப்படம் எடுக்கிறோம். 1955-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர் ‘ஹவுல்’ கவிதையை முதன்முதலில் வாசித்த காட்சிக்கு, கைக்குக் கிடைத்த ஒலிப்பதிவு ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். இரைச்சல் அதிகம். எப்படிச் சரிசெய்வது?

பதில்: இரைச்சல் இருக்கட்டும், முதலில் தேதியைப் பாருங்கள். 1955 அக்டோபர் 7 அன்று சிக்ஸ் கேலரியில் நடந்த அந்த வாசிப்புக்கு ஒலிப்பதிவே கிடைக்கவில்லை. கிடைத்தவற்றில் மூத்தது 1956 பிப்ரவரியில் போர்ட்லண்டின் ரீட் கல்லூரியில் பதிவானது. அதுவும் 2007-இல்தான் கண்டெடுக்கப்பட்டது. உங்கள் பதிவில் ‘மோலோக்’ என்ற பெயர் அடுக்கடுக்காக வந்தால் அது கவிதையின் இரண்டாம் பகுதி. சிக்ஸ் கேலரியில் வாசிக்கப்பட்டது முதல் பகுதி மட்டுமே. ரீட் கல்லூரியில்கூட இரண்டாம் பகுதியைத் தொடங்கியவர், தெம்பில்லை என்று சொல்லிச் சில வரிகளிலேயே நிறுத்திவிட்டார். அந்தப் பதிவு உங்களுக்குக் கிடைத்தால் நிறுத்தும் இடத்தை வெட்டிவிடாதீர்கள். அவரைப் பற்றி நாலு பேர் பேசுவதைவிட அது அதிகம் சொல்லும். எந்தப் பதிவானாலும் ஊரையும் ஆண்டையும் திரையில் போட்டுவிடுங்கள்.

இனி இரைச்சல். அவருடைய நீண்ட வரி ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் சொல்வதற்காக எழுதப்பட்டது. மூச்சொலியும் ஒலிநாடாவின் ‘ஸ்ஸ்’ ஒலியும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மென்பொருளில் இரைச்சல் நீக்கத்தை முழுக்க ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே போய், கவிதை தந்தி வாசகம்போல ஆகிவிடும். பேச்சில்லாத ஓரிரு நொடிகளை மாதிரியாகக் கொடுத்து, கொஞ்சமாகக் குறையுங்கள். மிச்ச இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும். வரியின் நடுவில் வெட்டாதீர்கள், அடியில் இசையும் வேண்டாம். அனுமதி ஒரே இடத்தில் கிடைக்காது: ஒலிப்பதிவு, கவிதை வரிகள், புகைப்படம் மூன்றுக்கும் தனித்தனியே உரிமையாளர் இருக்கக்கூடும்.

கேள்வி: ‘ஹவுல்’ நூல்மீது நடந்த ஆபாச வழக்கில் கின்ஸ்பெர்க் கூண்டில் நிற்பதுபோல ஒரு காட்சி எடுக்கலாமா?

பதில்: கூடாது. வழக்கு அவர்மீது இல்லை; விசாரணையின்போது அவர் அமெரிக்காவிலேயே இல்லை. 1957 மார்ச்சில் இங்கிலாந்தில் அச்சாகி வந்த நூலின் 520 பிரதிகளைச் சுங்கத்துறை பிடித்து வைத்தது, பிறகு விட்டுவிட்டது. அதன்பின் சான் ஃபிரான்சிஸ்கோவின் சிட்டி லைட்ஸ் புத்தகக் கடையில் பிரதியை விற்ற ஷிக் முராவோவைக் காவல்துறை கைது செய்தது. அவரோடு, பதிப்பாளர் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டிமீதும் வழக்கு. அக்டோபரில் நீதிபதி கிளேட்டன் ஹார்ன், நூலுக்குச் சமூக முக்கியத்துவம் உண்டு, ஆபாசமில்லை என்று தீர்ப்பளித்தார். கவிஞரின் தாக்கத்தைக் காட்ட இசைக்கலைஞர்களின் பாராட்டு மழையைத் தேடி அலைவதைவிட இந்தத் தீர்ப்புக்கு நான்கு நிமிடம் ஒதுக்கலாம்.

கேள்வி: வங்கத்தின் ‘ஹங்ரி’ தலைமுறை என்ற கலகக் கவிஞர் இயக்கத்தைத் தொடங்கிவைத்தது கின்ஸ்பெர்க்தானே?

பதில்: இல்லை. அவர்களின் முதல் அறிக்கை 1961 நவம்பரில் வெளிவந்தது. கின்ஸ்பெர்க் இந்தியா வந்ததோ 1962-இல். பழக்கம் உண்டு, தொடங்கிவைத்தவர் என்பது படங்களில் கிளம்பும் கதை. அந்தத் தலைமுறையின் மலாய் ராய் சௌத்ரி 1964-இல் ஒரு கவிதைக்காக ஆபாசக் குற்றச்சாட்டில் கைதாகி, கீழ்நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, 1967-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் விடுதலை பெற்றார். சான் ஃபிரான்சிஸ்கோ வழக்கையும் இதையும் அடுத்தடுத்து வைத்தால் படத்துக்கு நல்ல பகுதி அமையும்.