காக்கா, நானா, தாத்தா: சிங்கப்பூர் முஸ்லிம் வீட்டுத் தமிழ் கேள்வி பதில்

கேள்வி (ஈசூன் சகோதரி): நாங்கள் இராவுத்தர், வீட்டில் அத்தா, அம்மா. என்னைக் கட்டிக்கொடுத்தது காயல்பட்டினத்துக் குடும்பத்தில். அங்கே வாப்பா, உம்மா. கணவர் தன் அண்ணனைக் காக்கா என்கிறார். பக்கத்து மலாய் வீட்டில் அது அக்கா! குழப்பமாக இருக்கிறது.

பதில்: காயலிலும் கீழக்கரையிலும் காக்கா என்றால் அண்ணன். மலாய்க்காரர்களின் காக்காக் வேறு சொல், ஓசைதான் கிட்டத்தட்ட ஒன்று. நாகூர்ப் பக்கம் போனால் அதே அண்ணன் நானா. நீங்கள் அவரைக் காக்கா என்பதா மச்சான் என்பதா என்பது வீட்டுக்கு வீடு மாறும், மாமியாரிடமே கேட்டுவிடுங்கள். உங்கள் அத்தாவை மட்டும் யாருக்காகவும் மாற்றாதீர்கள். பிள்ளைகள் இரண்டையும் சொல்லி வளரட்டும்.

கேள்வி (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்): கொழும்புத் தோழி அக்காவைத் தாத்தா என்கிறாள், 'வீட்டுல ஈக்குது' என்கிறாள். தப்புத் தமிழா?

பதில்: தப்பே இல்லை. இலங்கை முஸ்லிம் வீடுகள் பலவற்றில் தாத்தா என்றால் அக்காதான். ராத்தா, லாத்தா என்று சொல்பவர்களும் உண்டு. ஈக்குது எப்படி வந்தது? 'இருக்குது'வில் நடுவில் உள்ள ரு தேய்ந்து, முன்னால் நின்ற இ நீண்டுவிட்டது. அதே சொல் சென்னையில் 'கீது' ஆகவில்லையா? கொழும்புக்காரி வாயில் வந்தால் மட்டும் ஏன் சிரிக்கிறோம்? அது எனக்கு வருத்தம்.

கேள்வி: தொழுகை, நோன்பு எல்லாம் அரபியா?

பதில்: இரண்டும் தமிழ். நமாஸ் பாரசீகம். மலாய்க்காரர்களின் புவாசா, சமஸ்கிருத உபவாசத்திலிருந்து வந்தது.

கேள்வி (ஒரு தாய்): மகள் கட்டுரையில் 'ஆணம்' என்று எழுதினாள், ஆசிரியர் 'குழம்பு' என்று திருத்திவிட்டார்.

பதில்: கட்டுரையில் குழம்பு சரி. சாப்பாட்டு மேசையில் ஆணம் ஆணமாகவே இருக்கட்டும். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் இங்கே தொடங்கிய தமிழ்ப் பள்ளிக்கு உமறுப்புலவர் பெயரைத்தான் வைத்தார்கள். அவர் பாடிய சீறாப்புராணத்தில் அரபுச் சொற்கள் தாராளமாக வரும். அதனால் அது தமிழ் இல்லை என்று ஆகிவிட்டதா?

கேள்வி: பாட்டியாரின் நோட்டில் அரபு எழுத்து இருக்கிறது. ஓதத் தெரிந்தவருக்கும் பொருள் புரியவில்லை.

பதில்: அரபுத்தமிழாக இருக்கலாம். தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை அது. அரபியில் இல்லாத ப, ட, ழ போன்ற ஒலிகளுக்குப் புள்ளி கூட்டி எழுத்துகள் செய்துகொண்டார்கள். காயல், கீழக்கரை, இலங்கையில் நிறையப் புழங்கியது. ஓதத் தெரிந்தவரை மெதுவாக, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் வீட்டுப் பேச்சு தெரிந்த ஒரு பெரியவரை உட்கார வையுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள், பழைய தாள் புரட்டப் புரட்ட ஒடியும்.