ஜெர்மன் மொழி எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் ‘உருமாற்றம்’ கதையில் கிரகோர் அந்நியமாவது பூச்சியாக மாறியதாலா?

இல்லை, அதற்கு வெகுகாலம் முன்பே என்றுதான் நான் வாசிக்கிறேன். 1915இல் வெளியான இந்தக் கதையில், துணி விற்பனைப் பிரதிநிதியான கிரகோர் சாம்சா ஒரு காலையில் பெரும் பூச்சியாகக் கண்விழிக்கிறான். அப்போதும் அவனை வாட்டுவது ரயிலைத் தவறவிட்டோமே என்ற கவலை. பெற்றோரின் கடனை அடைக்க ஊர் ஊராக அலைந்தவனுக்கு, வீட்டில் சம்பாதிப்பவன் என்பதைத் தாண்டி வேறு முகம் இல்லை. சம்பளம் நின்றதும் அதுவும் போய்விடுகிறது. (புத்தக அட்டையில் பூச்சியை வரையவே கூடாது என்று காஃப்கா பதிப்பகத்துக்கு எழுதியதும் இங்கே கவனிக்க வேண்டியது.)

சரி, மனிதன் என்ற அவன் அடையாளம் என்னவாகிறது? அறைச் சாமான்களை அகற்றும் காட்சியைத் திரும்பப் படியுங்கள். அவன் ஊர்ந்து திரிய இடம் வேண்டும் என்று தங்கை கிரேட்டே நல்லெண்ணத்தில்தான் தொடங்குகிறாள். அம்மாவோ, இது அவன் குணமாவான் என்ற நம்பிக்கையைக் கைவிடுவதாகாதா என்று தயங்குகிறாள். அதைக் கேட்ட பிறகுதான் தன் மனிதக் கடந்தகாலத்தையே மறக்கவிருந்தது கிரகோருக்கு உறைக்கிறது. பதறிப்போய், சுவரில் தொங்கும் படத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறான். உடம்பு பூச்சியினுடையது, பிடித்துக்கொள்ளத் தவிப்பது மனிதன்.

கடைசியில் அதே தங்கை, இது கிரகோராக இருந்தால் தானாகவே வெளியேறியிருக்கும் என்கிறாள். அதைவிடக் கொடுமை, தான் இல்லாமல் போக வேண்டும் என்பதில் அவளைவிட அவனே உறுதியாக இருக்கிறான்.